எல்லையில் இரண்டு கடைகள்

அமெரிக்காவில் பென்ஸில்வேனியா மாநிலத்தின் கிழக்கே இருக்கிறவர்கள் வாவாக்காரர்கள். நடுவிலும் மேற்கிலும் இருக்கிறவர்கள் ஷீட்ஸ்காரர்கள். இரண்டும் கடைகளின் பெயர். பெட்ரோல், காப்பி, பால், சிகரெட், நீள ரொட்டியைப் பிளந்து உள்ளே அடைத்துத் தரும் சாப்பாடு — இரண்டிலும் கிடைப்பவை இவைதான். இரண்டும் அநேகமாக இரவு பகலாகத் திறந்திருப்பவை. ஒன்றின் பெயர்ப்பலகையைக் கழற்றி மற்றதில் மாட்டினால் வெளியூர்க்காரனுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. உள்ளூர்க்காரர்கள் இதற்காக மணிக்கணக்கில் வாதாடுகிறார்கள். ஓட்டுக் கேட்டு வரும் அரசியல்வாதி எந்தக் கடையில் நுழைந்தார் என்பது செய்தியாகிறது. கோயில் யானைக்கு வடகலை நாமமா தென்கலை நாமமா என்று வழக்காடிய பூமியிலிருந்து போனவன் என்பதால் எனக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. என்னைத் தொந்தரவு செய்தது வேறு. அந்தச் சண்டையின் தொனி எனக்கு ரொம்பப் பழக்கமானதாக இருந்தது. முந்நூறு பிரதிகள் அச்சாகும் பத்திரிகைகளில் நாம் பேசிக்கொள்ளும் தொனி அது.

2024-ஆம் வருஷம் செப்டம்பரில் தங்கையின் பிரசவத்துக்காக அம்மாவை அழைத்துக்கொண்டு, பிலடெல்பியாவுக்கு மேற்கே எக்ஸ்டன் என்ற ஊருக்குப் போயிருந்தேன். வங்கியில் சேர்த்து வைத்திருந்த லீவு முழுவதும் அதற்குச் சரியாகப் போயிற்று. போன மறுநாள் காலையில் வீட்டில் பால் இல்லை. தங்கையின் கணவர் கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு, "வாவா போய்ட்டு வந்துடறேன் அத்தை" என்றார். அவர் வாசலைத் தாண்டியதும் அம்மா, "யாரைடா வா வாங்கறார்?" என்று என்னைக் கேட்டாள். கடையின் பெயர் என்று சொன்னதும் அவளுக்குப் பரம திருப்தி. "கடைக்கே வா வான்னு பேர் வச்சிருக்கானே, அவனல்லவோ வியாபாரி" என்றாள். அங்கே இருந்த நாட்கள் முழுவதும் அவளுக்கு அது தமிழ்ப் பெயராகவே இருந்தது. நான் திருத்தவில்லை. திருத்தப் போனால் எங்கே கொண்டு நிறுத்துவது என்று எனக்குத் தெரியவில்லை.

ஏனென்றால் அந்தப் பெயரின் பூர்வீகம் அப்படி. வாவா என்பது பிலடெல்பியாவுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய இடத்தின் பெயர். ஒஜிப்வே பழங்குடிகளின் மொழியில் காட்டு வாத்தைக் குறிக்கும் சொல் என்கிறார்கள். கடையின் சின்னமும் பறக்கிற வாத்துதான். ஆனால் ஒஜிப்வேக்கள் வாழ்ந்தது வடக்கே பெரிய ஏரிகளைச் சுற்றி. பிலடெல்பியா இருக்கிற ஆற்றுப் பள்ளத்தாக்கு லெனாபே மக்களுடையது. உறவு மொழிதான், ஆனாலும் வேறு மொழி. 1855-இல் வெளிவந்த லாங்ஃபெல்லோவின் ஹயவாதா காவியத்தில் இந்த வாத்து இதே பெயரில் வருகிறது. பி.ஏ.யில் அதில் கொஞ்சம் எங்களுக்குப் பாடமாக இருந்தது. அந்தக் காவியத்தின் சந்தம் ஃபின்லாந்தின் கலேவலாவிலிருந்து எடுத்தது என்று பேராசிரியர் சொன்னதை மார்ஜினில் குறித்து வைத்திருந்தேன். ஆக, எங்கோ இருந்த மக்களின் சொல், அதை அச்சில் பிரபலப்படுத்திய மாஸசூஸெட்ஸ் கவிஞர், அவருக்குச் சந்தம் கொடுத்த ஃபின்லாந்து. இவ்வளவும் சேர்ந்த ஒரு பெயர்தான் இன்று அந்தப் பள்ளத்தாக்கில் மற்ற எதையும்விட உள்ளூர்த்தனமானது. ஊரைவிட்டுப் போன பிலடெல்பியாக்காரர் எதற்கு ஏங்குகிறாரோ இல்லையோ, இதற்கு ஏங்குகிறார். 'மண்வாசனை' என்ற சொல்லைக் கையில் தராசு மாதிரி பிடித்துக்கொண்டு பத்து வருஷம் மதிப்புரை எழுதியவனுக்கு இது சௌகரியமான விஷயம் இல்லை.

இந்தக் கடைகளின் மூலம் பால். வாவாவின் குடும்பத் தொழில் 1803-இல் நியூஜெர்ஸியின் மில்வில்லில் இரும்பு வார்ப்படமாகத் தொடங்கியது என்றாலும், 1902-இல் ஜார்ஜ் வுட் என்பவர் வாவாவில் பால் நிலையம் வைத்ததிலிருந்துதான் கதை ஆரம்பமாகிறது. பச்சைப் பாலால் நோய் பரவிய காலம். டாக்டர்கள் சான்றளித்த பால் என்பதே அவருடைய விளம்பரம். வீடு வீடாகப் போய்ப் பாட்டில் வைத்தார்கள். இரண்டாவது யுத்தத்துக்குப் பிறகு வீட்டுக்கு வீடு ஃபிரிஜ் வந்தது, கார் வந்தது, வாரத்துக்கு ஒருமுறை சூப்பர்மார்க்கெட்டுக்குப் போகிற வழக்கம் வந்தது. பால்காரன் வேண்டாதவனாகிவிட்டான். ஜார்ஜ் வுட்டின் பேரன் கிரஹாம் வுட் 1964-இல் ஃபோல்ஸம் என்ற இடத்தில் முதல் கடையைத் திறந்தது, வாசலில் வைக்க முடியாமல் போன பாலை விற்பதற்காகத்தான். ஷீட்ஸின் கதையும் ஏறக்குறைய இதே. 1952-இல் ஆல்டூனா நகரில் பாப் ஷீட்ஸ் தன் தகப்பனாரின் பால் கடைகளில் ஒன்றை விலைக்கு வாங்கினார். லான்காஸ்டர் பக்கத்து டர்க்கி ஹில், யார்க் பக்கத்து ரட்டர்ஸ், நியூயார்க் மாநிலத்தின் ஸ்டூவர்ட்ஸ், ரோட் ஐலண்டில் ஆரம்பித்த கம்பர்லண்ட் ஃபார்ம்ஸ் எல்லாமே பால் வீடுகள். செவன் இலெவன் மாத்திரம் ஐஸ் வீடு. 1927-இல் டெக்ஸாஸில் ஐஸ் விற்ற இடத்தில் பாலும் ரொட்டியும் வைத்துப் பார்த்தார்கள்.

ஏன் இவை ஒவ்வொன்றும் ஒரு பிராந்தியத்துக்குள் நின்றன என்பதற்கு எனக்குத் தோன்றும் காரணம் சாதாரணமானது. பால் கெட்டுப்போகும். பால் வண்டி ஒரு ராத்திரியில் போய்த் திரும்பக்கூடிய தூரம் எதுவோ அதுதான் ராஜ்யத்தின் எல்லை. கலாச்சாரம், அடையாளம் என்று நாம் பின்னால் வந்து பெயர் வைக்கிற பல விஷயங்களுக்கு அடியில் இப்படி ஒரு வண்டியும் ஒரு ராத்திரியும் இருக்கக்கூடும்.

அந்த எல்லையைப் பெட்ரோல் அழித்தது. பெட்ரோலில் கேலனுக்குச் சில சென்ட்தான் மிஞ்சும். பெரிய எண்களில் விலை எழுதிய பலகை, காரை நிறுத்த வைப்பதற்கான தூண்டில். லாபம் உள்ளே: காப்பியில், ரொட்டியில், குளிர்ந்த பானத்தில். பால் இப்போது பின்சுவரில் ஒரு கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் இருக்கிறது, வீட்டுக்கு வந்துவிட்ட தூரத்துத் தாத்தா மாதிரி. பெட்ரோல் வந்ததும் கடைக்கு வேண்டிய நிலம் பெருகிற்று. நாற்சந்தி மூலையில் இரண்டு மூன்று ஏக்கர் வேண்டும். அது நகரத்துக்குள் கிடைக்காது, நெடுஞ்சாலையில் கிடைக்கும். நெடுஞ்சாலை எங்கே போகிறதோ அங்கே கடையும் போகலாம். இன்று வாவாவுக்கு ஆயிரத்துக்கு மேல் கடைகள், ஷீட்ஸுக்கு எழுநூறுக்கு மேல். வாவா 2012-இல் ஃப்ளோரிடாவுக்குப் போனது, 2024-இல் அலபாமாவுக்கும் வட கரோலினாவுக்கும், 2025-இல் ஒஹையோ, கென்டக்கி, இந்தியானா. ஷீட்ஸ் 2024-இல் மிச்சிகனில் நுழைந்தது. தெற்கே டெக்ஸாஸிலிருந்து பக்கீஸ் என்று ஒரு பூதம், கடை ஒவ்வொன்றும் கல்யாண மண்டபம் போல, கிழக்கு நோக்கி வந்துகொண்டிருக்கிறது. அதைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. பெரியதெல்லாம் சுவாரஸ்யமாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

ஒரு விஷயத்தை மட்டும் வங்கிக்காரனாகக் கவனித்தேன். இவை இரண்டும் பங்குச் சந்தையில் இல்லாதவை. ஷீட்ஸ் குடும்பச் சொத்து. வாவாவில் ஏறக்குறைய நூற்றுக்கு நாற்பது பங்கு அதன் ஊழியர்களுக்கான பங்கு டிரஸ்டிடம் இருக்கிறது. அப்படியானால் இவர்களை விரட்டுவது யார்? காலாண்டுக் கணக்குக் கேட்கிற முதலீட்டாளன் இல்லை. எல்லையில் நின்றுகொண்டிருந்தால் அடுத்தவன் தாண்டிவிடுவான் என்கிற பயம்தான். இதை நான் கோப்புகளில் பார்த்திருக்கிறேன். எதிரே கடை வருகிறது என்று கேள்விப்பட்டதும் இரண்டாவது கிளைக்குக் கடன் கேட்டு வருகிறவர், முதல் கடை நன்றாக நடப்பதை மறந்தே போயிருப்பார்.

ஃப்ளோரிடாவைப் பற்றி இன்னும் கொஞ்சம். ஜான் அப்டைக் 1932-இல் பிறந்த ஊர் இந்த மாநிலத்தின் ரெடிங். எழுத்துக்கூட்டினால் ரீடிங் என்றுதான் வரும். ஆஸ்கார் வைல்ட் சிறையிருந்த இங்கிலாந்து ஊரைப் போல இதையும் ரெடிங் என்று சொல்ல வேண்டும். இங்கிலீஷ் படித்தவன் இதில் தவறக் கூடாது. தங்கையின் கணவர் முன்னால் தவறினேன். அந்த ரெடிங்கைச் சுற்றிய வட்டாரத்தில்தான் வாவாவும் ஷீட்ஸும் கலக்கின்றன. அப்டைக்கின் ராபிட் நாவல்களில் வரும் பிரூவர் நகரம் இதன் சாயல். 1960-இல் வந்த முதல் நாவலில் ராபிட் ஒரு ராத்திரி வீட்டைவிட்டுக் காரில் தெற்கே ஓடுகிறான். பெட்ரோல் போடுகிறான், காப்பி குடிக்கிறான், வழி தவறுகிறான், மேப்பைக் கிழித்துப் போட்டுவிட்டுத் திரும்புகிறான். அவன் நிற்கிற இடம் எதிலும் அவனைத் தெரிந்தவர் இல்லை, அவனுக்குத் தெரிந்த பலகையும் இல்லை. அந்த ஓட்டத்தின் பீதி பாதி அதனால் வருவது. 1990-இல் வந்த நான்காவது நாவலில் அவன் வருஷத்தில் பாதியை ஃப்ளோரிடாவில் கழிக்கிறான், அங்கேயே சாகிறான். இன்னும் இருபது இருபத்தைந்து வருஷம் தாக்குப் பிடித்திருந்தால் ஊர்க் கடை அவனைத் தேடி வந்திருக்கும். ரிடையரான வடகிழக்குக்காரர்கள் ஏற்கெனவே அங்கே போய் ஏங்கிக்கொண்டிருந்தார்கள். வாவா அந்த ஏக்கத்தை முன்பணமாக வைத்து ஒரு மாநிலத்தில் கால் ஊன்றியது. இதில் மோசடி எதுவும் இல்லை. ஆனால் எங்கும் கிடைக்கிற ஊர்க் கடைக்கு ஏங்க முடியாது. ஏக்கத்தைச் செலவழித்து வாங்கிய கடைகள் ஏக்கத்தைத் திரும்ப உற்பத்தி செய்வதில்லை.

இவ்வளவும் எனக்கு ஒரு நண்பர் மூலமாகத்தான் ஸ்தூலமாயிற்று. ஹாரிஸ்பர்க் பக்கம் வசிக்கிறார். எட்டு வருஷங்களாக நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. அதற்கு முன் இரண்டு பேரும் சேர்ந்து கும்பகோணத்தில் ஏழு இதழ் ஒரு பத்திரிகை நடத்தினோம். எட்டாவது இதழுக்குக் காகிதம் வாங்கிய பணம் இன்னும் யார் தருவது என்று தீரவில்லை. 2015-இல் அவருடைய கவிதைத் தொகுப்பு வந்தது. அதே வருஷம் மேற்படிப்புக்காக அமெரிக்கா போனார். 2016 ஜனவரியில் வேறொரு பத்திரிகையில் அந்தத் தொகுப்பைப் பற்றி நான் எழுதினேன். கட்டுரையில் 'இறக்குமதி' என்ற சொல் நான்கு தடவை வந்திருந்தது. பனி பெய்யாத ஊரில் உட்கார்ந்துகொண்டு பனி பெய்விக்கிறவர் என்று எழுதியிருந்தேன். நல்ல வாக்கியம் என்று அன்றைக்குப் பலரும் சொன்னார்கள். எங்கள் வட்டம் இரண்டாகப் பிரிந்தது. வட்டம் என்றால் பதினோரு பேர்.

எக்ஸ்டனிலிருந்து அவருக்கு இரண்டு வரி எழுதினேன். மறுநாள் பதில் வந்தது. ரயிலில் மிடில்டவுன் வரைக்கும் வா, இங்கே வாவா வந்துவிட்டது, போய்ப் பார்க்க வேண்டும், தனியாகப் போக மனசு வரவில்லை என்று எழுதியிருந்தார். எட்டு வருஷத்துக்கு இது போதும் என்று நினைத்தேன்.

பிலடெல்பியாவிலிருந்து ஹாரிஸ்பர்க் போகும் ரயில் எக்ஸ்டனில் நிற்கிறது. லான்காஸ்டர் வட்டாரத்தில் ஆமிஷ் குடியானவர்களின் வயல்கள். குதிரை பூட்டி உழுகிறார்கள். மாட்டுக் கொட்டில்கள், பக்கத்தில் உயரமான தீவனக் குதிர்கள். இந்தக் கடைகள் எதிலிருந்து கிளம்பினவோ அது இன்னும் ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தது. மிடில்டவுனை நெருங்குகையில், 1979-இல் விபத்து நடந்த த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையம் ஆற்றின் நடுவில் இருக்கிற பக்கம் இதுதான் என்று ஞாபகம் வந்தது. ஸ்டேஷனில் நண்பர் நின்றிருந்தார். தலை நரைத்திருந்தது. என்னுடையதைப் பற்றி அவரும் அப்படி நினைத்திருப்பார்.

2024-இல்தான் வாவா இந்தப் பக்கத்தில் தன் முதல் கடையைத் திறந்திருந்தது. நண்பர் காரைத் தள்ளி நிறுத்தினார். உளவு பார்க்க வந்தவர் மாதிரி நுழைந்தார். காப்பி வரிசையை எண்ணினார். தொடுதிரையில் ஒவ்வொரு பக்கமாகத் தள்ளிப் பார்த்துவிட்டு, "இது ஷீட்ஸ் செஞ்சது. இவங்க பின்னாடிதான் வந்தாங்க" என்றார். அவர் குரலில் இருந்தது அசல் கோபம். யார் முதலில், யார் யாரைப் பார்த்து. புதுக்கவிதையை முதலில் எழுதியது யார் என்று நாங்கள் மகாமகக் குளக்கரையில் ராத்திரி ஒரு மணி வரை கத்தியது ஞாபகம் வந்தது. சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"உனக்கு இது வேடிக்கைய்யா" என்றார். "நீ அந்தப் பக்கத்திலேர்ந்து வர்றே. வாவாக்காரன்."

"நான் வந்து மூணு வாரம்கூட ஆகலை."

"மூணு வாரம் போதும்."

காப்பியை எடுத்துக்கொண்டு காரில் உட்கார்ந்தோம். அங்கே வைத்துத்தான் சொன்னார். அவர் படித்தது ஸ்டேட் காலேஜ் என்ற ஊரில். அது முழுக்க ஷீட்ஸ் சீமை. "முதல் வருஷம் வாயைத் திறக்கவே பயம். தண்ணி கேட்டா மூணு தரம் என்ன என்னம்பாங்க. மூணாவது தரம் நான் வேண்டாம்னுட்டு வந்துடுவேன். ராத்திரி லேப் முடிஞ்சு வந்தா ஊர்ல விளக்கு எரியற இடம் ஷீட்ஸ் ஒண்ணுதான். அங்க வாயே திறக்க வேண்டாம். திரையில தொட்டா போதும். இறைச்சி வேண்டாம், சீஸ் வேண்டாம், வெங்காயம் கொஞ்சம் கூட. நான் சொன்னது சொன்னபடி வந்த இடம் அந்த ஊர்ல அது ஒண்ணுதான்யா."

நான் விமர்சகன் ஆயிற்றே, சும்மா இருக்க முடியவில்லை. அந்தத் திரை உனக்காக வைத்ததில்லை என்றேன். கல்லாவில் நிற்கும் ஆளைக் குறைக்கவும், ஒவ்வொரு தொடுதலுக்கும் இன்னொன்று வேண்டுமா என்று கேட்டு விற்கவும் வைத்தது; உன் தனிமை அவர்கள் கணக்கில் ஒரு வரி என்றேன். அடோர்னோவை இழுக்காத குறை. அவர் பொறுமையாகக் கேட்டார்.

"தெரியும். யாருக்காக வச்சாங்கன்னு எனக்கும் தெரியும். பஞ்சாயத்து டீவியை எம்.எல்.ஏ. எதுக்கு வச்சார்னு தெரிஞ்சுதான் ஊரே உட்கார்ந்து பார்த்துது."

இதற்கு என்னிடம் பதில் இல்லை. இப்போதும் பாதிதான் இருக்கிறது. விசுவாசம் என்று நாம் பார்ப்பது கம்பெனிக்குச் செலுத்தப்படுவதில்லை. ஜனவரி மாசத்து ராத்திரி ஒன்றுக்குச் செலுத்தப்படுகிறது. கம்பெனி அதைத் தன் பேரில் வரவு வைத்துக்கொள்கிறது. இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாதவர்கள் கடையின் விளம்பரக்காரர்கள் மட்டுமல்ல, அதை எதிர்க்கிற நம்மைப் போன்றவர்களும்தான். ஆல்டூனா ரயில்வே ஊர். ஒரு காலத்தில் ரயில் பட்டறைகள் ஆயிரக்கணக்கானவர்களுக்குச் சோறு போட்டன. ரயில் கம்பெனி போயிற்று, பட்டறைகள் சுருங்கின. அந்த ஊர்க்காரன் இன்று ஷீட்ஸ் எங்கள் ஊர்க் கடை என்று மார்தட்டினால், அதை நுகர்வோர் மயக்கம் என்று ஒரே சொல்லில் மூடிவிடலாம்தான். மூடிய பின் அவனிடம் மிஞ்சுவது என்ன என்று நாம் கேட்பதில்லை.

நண்பரின் கவலை வேறு மாதிரி. ஷீட்ஸ் ஜெயிக்க வேண்டும் என்பது இல்லை. "இன்னும் அஞ்சு வருஷத்துல ரெண்டும் எல்லா நாற்சந்தியிலயும் எதிரெதிரே நிக்கும். நீ எந்தப் பக்கம்னு அப்புறம் யாரும் கேக்க மாட்டாங்க" என்றார். கேட்கிறவர்கள் இருந்ததால்தான் அவருக்கு அந்த மாநிலத்தில் ஒரு பக்கம் இருந்தது. ஆபீசில் முதல்முதலாக அவரை ஒருவர் தங்களவராகச் சேர்த்துக்கொண்டது இந்த வாக்குவாதத்தில்தானாம். நிறத்தையோ உச்சரிப்பையோ பற்றி அதில் கேள்வி இல்லை. மறுபக்கத்தில் வாவா, தான் பிறந்த இடத்துக்குப் பக்கத்திலுள்ள பிலடெல்பியாவின் நடு நகரத்தில் இரண்டு கடைகளை 2022-இல் மூடியது. பாதுகாப்புப் பிரச்சினை என்று காரணம் சொன்னது. கால்நடையாகப் போய் வாங்கிய ஊர்க்காரனை விட்டு, காரில் போகிற வெளியூர்க்காரனைத் தேடிப் போகிறது ஊர்க் கடை.

திரும்புகிற வழியில் ஒரு சின்னக் கடையில் நிறுத்தினார். இரண்டே பெட்ரோல் பம்ப். கல்லாவில் ஒரு வயதான குஜராத்தி. அந்த நாட்டில் இப்படிக் கடைகள் ஒன்றரை லட்சத்துக்கு மேல். அதில் பாதிக்கும் மேற்பட்டவை ஒரே ஒரு கடை வைத்திருப்பவர்களுடையவை. வாவா-ஷீட்ஸ் சண்டையில் இவர்கள் பெயர் வருவதே இல்லை. சிறுபத்திரிகைச் சண்டைகளில் வாசகன் பெயர் வராத மாதிரி. பெரியவரிடம் புதுக் கடையைப் பற்றிக் கேட்டேன். லாட்டரிச் சீட்டு அங்கேயும் உண்டு, சிகரெட் அங்கேயும் உண்டு, காப்பி என்னுடையதைவிட நன்றாயிருக்கும் என்றார். வெள்ளிக்கிழமை வரை கடன் அங்கே தர மாட்டார்கள் என்றார். கல்லாவுக்குக் கீழே நீளவாக்கில் ஒரு நோட்டு இருந்தது. தொழில் புத்தி, எட்டிப் பார்த்தேன். கையெழுத்து குஜராத்தி, தொகைகள் டாலர், ஒரு பக்கம் முழுவதும் அடிக்கப்படாமல் இருந்தது. நண்பர் அங்கே எதுவும் தேவைப்படாமல் ஒரு பால் பாட்டில் வாங்கினார்.

ஸ்டேஷனில் ரயிலுக்கு இருபது நிமிஷம் இருந்தது. கட்டுரையைப் பற்றி இரண்டு பேரும் பேசவில்லை. பேச வேண்டும் என்று வந்தவன் நான். அவருடைய தொகுப்பில் மூன்று கவிதைகள் மோசம் என்றுதான் இன்னும் நினைக்கிறேன், அதையும் சொல்லிவிட்டு, மற்றதற்கு வருத்தம் சொல்ல வேண்டும் என்று வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். ரயில் தூரத்தில் தெரிந்தபோது அவரே ஆரம்பித்தார்.

"உன் கட்டுரையை நான் படிச்சது ஷீட்ஸ் வாசல்லதான். கார்ல உட்கார்ந்து. வெளியே முழங்கால் உயரம் பனி. உள்ளே நீ, பனி இறக்குமதின்னு எழுதியிருக்கே."

நான் ஏதோ சொல்லப் போனேன்.

"அது இல்லைய்யா. நீ எடுத்துப் போட்ட வரியில ஒரு சொல் விட்டுப் போயிருந்தது. அதைச் சொல்லணும்னு நினைச்சேன், அவ்வளவுதான்."

எந்தச் சொல் என்று கேட்பதற்குள் கதவு திறந்துவிட்டது. கையில் வாவாவின் காகிதக் குவளை, வாத்துப் படத்துடன். லான்காஸ்டர் தாண்டும் வரை காலிக் குவளையைக் கீழே வைக்கத் தோன்றவில்லை.

கும்பகோணம் வந்ததும் தொகுப்பை எடுத்துப் பார்த்தேன். நான் எடுத்துப் போட்டிருந்தது: "கதவைத் திறந்தேன், பனி." தொகுப்பில் இருப்பது: "கொல்லைக் கதவைத் திறந்தேன், பனி." கொல்லை இருந்தால் அது மார்கழிப் பனி, கிணற்றடியும் வாழைமரமும் சொல்லாமலே வந்து நிற்கின்றன. கொல்லை போனதும் அது ஏதோ ஒரு மொழிபெயர்ப்புக் கவிதையின் பனியாகிவிட்டது. அந்த ஒரு வரியின் மேல் ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தேன். அச்சுக்கோத்தவர் மேல் பழி போட முடியவில்லை. என் கையெழுத்துப் பிரதியைத் தேடி எடுத்தேன், அதிலேயே இல்லை.

கட்டுரை வந்த பத்திரிகை 2018-இல் நின்றுவிட்டது. திருத்தம் போட அதற்கு இடமில்லை. ஆகவே இங்கே: 2016 ஜனவரி இதழில் வெளியான என் மதிப்புரையில், மேற்கோளாகத் தந்த வரியில் 'கொல்லை' என்ற சொல் விடுபட்டிருந்தது. தவறு என்னுடையது.